போட்ஹவுஸுக்கும் ஹவுஸ்போட்டுக்கும் நடுவில்

ஊட்டிக்குப் போயிருந்தபோது, படகு இல்லத்தின் டிக்கெட் கவுண்டரில் என் சித்தப்பா கேட்ட கேள்வியை இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். “ஒரு ராத்திரி தங்கறதுக்கு எவ்வளவு தம்பி? சாப்பாடும் சேர்த்தா?” உள்ளே இருந்தவர் ஒரு கணம் விழித்துவிட்டு, “சார், இங்க படகுல ஒரு சுத்து சுத்திட்டு இறங்கிடணும்” என்றார்.

சித்தப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. முந்தின வருஷம்தான் ஆலப்புழைக்குப் போய், ஹவுஸ்போட்டில் ஓர் இரவு தங்கி, கரிமீன் பொள்ளிச்சது சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். ஊட்டியில் போட்ஹவுஸ் என்ற பலகையைப் பார்த்ததும் அதே சமாச்சாரம்தான் என்று நினைத்துவிட்டார். இரண்டிலும் இருப்பவை அதே இரண்டு சொற்கள்தானே? ஒன்றில் வீடு முன்னால் நிற்கிறது, இன்னொன்றில் படகு முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த இடமாற்றத்தில்தான் எல்லாமே இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை ஒட்டிப் புதுச் சொல் உண்டாக்கும்போது, கடைசியில் நிற்பதுதான் ஆள். முன்னால் நிற்பது அதற்கு அடைமொழி மாதிரி. எப்படிப்பட்டது, எதற்கானது, எங்கே இருப்பது என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். ஹவுஸ்போட் என்றால் அது படகு, குடியிருக்க வசதி செய்த படகு. போட்ஹவுஸ் என்றால் அது கட்டடம், படகுகளை நிறுத்தி வைக்கிற கட்டடம்.

இது நமக்குப் புதிதே இல்லை. கடைத்தெரு என்றால் தெரு, தெருக்கடை என்றால் கடை. அந்த இரண்டையும் யாராவது குழப்பிக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா? தமிழிலும் கடைசிச் சொல்தான் ஆள். ஆங்கிலம் என்றதும் நமக்கு இந்தச் சாதாரண அறிவு ஏனோ கைகொடுக்காமல் போய்விடுகிறது. அதனால் ஹவுஸ் என்ற ஒரே ஒரு சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் குடும்பத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம்.

இடம் மாறினால் பொருள் மாறும் என்பதற்குப் படகைவிடக் கனமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஹவுஸ்வொர்க் என்றால் வேலை. கூட்டுவது, துடைப்பது, பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது. அதைத் திருப்பிப் போட்டு வொர்க்ஹவுஸ் என்று சொல்லிப் பாருங்கள். பட்டறை என்றோ தொழிற்கூடம் என்றோ நினைக்கத் தோன்றும். இல்லை. இங்கிலாந்தில் பிழைக்க வழியில்லாத ஏழைகளை வைத்திருந்த இடம் அது. 1834-இல் வந்த ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு, உதவி என்று கேட்டு வருகிறவர்கள் அதற்குள் போய்த்தான் ஆகவேண்டும் என்பது கொள்கையானது. உள்ளே போனதும் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுவார்கள். கல் உடைக்க வேண்டும். பழைய கப்பல் கயிற்றை விரலால் பிரித்துப் பிரித்து நார் எடுக்க வேண்டும். வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைக்கிறவனின் வாழ்க்கையைவிட உள்ளே இருப்பது மோசமாக இருந்தால்தான் சும்மா யாரும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டே அப்படி வைத்திருந்தார்கள். 1930-இல்தான் அந்த ஏற்பாடு சட்டப்படி முடிவுக்கு வந்தது. பழைய ஆங்கில நாவல்களில் ஒரு கிழவி வொர்க்ஹவுஸ் என்ற பெயரைக் கேட்டதும் நடுங்குகிறாள் என்றால் காரணம் இதுதான். அகராதியில் வேலை, வீடு என்று தனித்தனியாகப் பொருள் பார்த்துச் சேர்த்தால் இந்த நடுக்கம் கிடைக்காது.

இன்னொரு குழப்பம் இதைவிட லேசானது. ‘என் அம்மா’ என்று ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொன்னபோது என் தங்கை மகள், அம்மா தினமும் காலையில் எழுந்து ஹோம்வொர்க் செய்வாள் என்று எழுதியிருந்தாள். வாசித்த எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஏன் தப்பு என்று அவள் கேட்டபோது சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. யோசித்துப் பார்த்தால், பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிற வேலை ஹோம்வொர்க். வீடே உண்டாக்குகிற வேலை ஹவுஸ்வொர்க். இரண்டுமே வீட்டில்தான் நடக்கின்றன, ஆனால் வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள உறவு வேறு.

உறவு என்று சொன்னேன். கூட்டுச் சொற்களில் தலைவலி தருவது அதுதான். கடைசிச் சொல்தான் ஆள் என்று தெரிந்துவிட்டது, சரி. முன்னால் நிற்கிற சொல்லுக்கும் அதற்கும் என்ன உறவு என்பதைச் சொல் வெளியே சொல்வதில்லை. மறைத்து வைத்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் எட்டாம் வகுப்புத் தமிழ் இலக்கணம் கைகொடுக்கும் என்றால் நம்புவீர்களா? பொற்குடம், தயிர்க்குடம் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னால் ஆகிய குடம், தயிரை உடைய குடம். தயிரால் செய்த குடம் என்று யாரும் நினைப்பதில்லை. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். நடுவில் ‘ஆல் ஆகிய’, ‘ஐ உடைய’ என்பவை மறைந்திருக்கின்றன. அந்த மறைந்த பகுதியைப் பிடித்தால் ஆங்கிலக் கூட்டுச் சொல்லும் பிடிபடும்.

கிளாஸ்ஹவுஸ் கண்ணாடியால் ஆன வீடு. ட்ரீஹவுஸ் மரத்தால் ஆனதாகவும் இருக்கலாம், ஆனால் பெயர் சொல்வது அதை இல்லை, மரத்தின்மேல் உள்ள வீடு என்பதைத்தான். டால்ஹவுஸ் பொம்மைகளுக்கான வீடு. காபி ஹவுஸ் காபி கிடைக்கிற வீடு. ஃபார்ம்ஹவுஸ் பண்ணையில் உள்ள வீடு. அப்புறம் ஃபயர்ஹவுஸ் என்று ஒன்று அமெரிக்காவில் உண்டு. தீப்பிடித்த வீடு என்று நினைத்துவிடாதீர்கள், தீயணைப்பு வண்டிகள் நிற்கிற நிலையம் அது. இத்தனைக்கும் நெருப்பு, வீடு என்ற இரண்டு சொற்கள்தான் உள்ளன. அணைப்பது என்ற முக்கியமான வேலை நடுவில் மறைந்து கிடக்கிறது.

சில சமயம் முன்சொல்லே ஏமாற்றும். சென்னை ராஜாஜி சாலையில் கஸ்டம் ஹவுஸ் இருக்கிறது. கஸ்டம் என்றால் வழக்கம், பழக்கம் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். இங்கே அது சுங்கம். வேர்ஹவுஸில் வரும் வேர், எங்கே என்று கேட்கிற வேரும் இல்லை, உடுத்துவதைச் சொல்லும் வேரும் இல்லை. விற்பனைச் சரக்குக்கான பழைய ஆங்கிலச் சொல் அது. ஹார்டுவேர், சாஃப்ட்வேர் என்பவற்றின் வாலாக இருப்பதும் அதே சரக்குதான். நம் ஊர் ஆங்கிலத்தில் வேர்ஹவுஸுக்குப் பதிலாக கோடவுன் என்போம். அது மலாய் மொழியின் குடாங் வழியாக வந்தது என்றும், குடாங்கே தெலுங்கு, தமிழ்ப் பக்கத்திலிருந்து, நம் கிடங்கு போன்ற ஒரு சொல்லிலிருந்து போயிருக்கலாம் என்றும் சொல்லாராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். நம்முடைய கிடங்கே ஊர் சுற்றிவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது போல.

கிரீன்ஹவுஸ் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பச்சை வீடு? பச்சைப் பெயிண்ட் அடித்த வீடா? அந்தக் கட்டடத்தில் பெரும்பாலும் பச்சை நிறமே இருக்காது. கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ போர்த்திய கூடாரம் அது. பச்சை என்பது உள்ளே வளர்கிற செடிகள். நாம்கூடப் பச்சைக் காய்கறி, பசுந்தழை என்கிறோம் அல்லவா, அந்தப் பச்சை. குளிர் நாடுகளில் வெளியே வைத்தால் பனியில் கருகிவிடுகிற செடிகளை உள்ளே வைத்துக் காப்பாற்றக் கட்டினார்கள். தமிழில் பசுமைக்குடில் என்று அழகாகவே வைத்துவிட்டோம். ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கிறவர்களைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் விளக்கிவிடுவார்கள்.

சிக்கல், அந்தச் சொல்லின்மேல் இன்னொரு சொல்லை ஒட்டும்போது வருகிறது. கிரீன்ஹவுஸ் கேஸ். செய்தித்தாளில் பசுமை இல்ல வாயு என்று படிக்கும்போது, ஏதோ நல்ல வாயு போல, செடிகொடிக்கு நல்லது செய்கிற வாயு போலத்தான் காதில் விழுகிறது. சொல்ல வந்ததோ பூமியைச் சூடாக்குகிற கரியமில வாயு, மீத்தேன் போன்றவற்றைப் பற்றி. கண்ணாடிக் குடிலுக்குள் வெப்பம் தங்குவதுபோல இந்த வாயுக்கள் பூமியின் வெப்பத்தைத் தங்க வைக்கின்றன என்ற உவமைதான் பெயரானது. உவமையும் முழுப் பொருத்தம் இல்லை. குடிலில் சூடான காற்று வெளியே போக முடியாமல் அடைபடுவதுதான் முக்கியக் காரணம். வளிமண்டலத்தில் தரையிலிருந்து எழுகிற வெப்பக் கதிர்களை இந்த வாயுக்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. ஆக, நடுவில் மறைந்திருப்பது வேற்றுமை உருபு இல்லை, ‘போன்ற’ என்ற உவம உருபு. மூன்று சொற்கள் சேர்ந்தால் முதல் இரண்டையும் தனிக் கட்டாகக் கட்டிவிட்டு, அப்புறம் மூன்றாவதைப் பாருங்கள். பசுமையான வாயு எங்கேயும் இல்லை.

பேசும்போது இன்னொரு துப்பு கிடைக்கும். ஒட்டிப் பிறந்த சொல் என்றால் ஆங்கிலேயர்கள் முதல் பாதியை அழுத்தி, ஹவுஸைத் தாழ்த்திச் சொல்வார்கள். உண்மையிலேயே பச்சை நிறம் பூசிய ஒரு வீட்டைச் சொல்லும்போது ஹவுஸ் என்பதையும் அழுத்துவார்கள். வெள்ளை மாளிகைக்கும் இதே கதைதான். அமெரிக்க ஜனாதிபதிகள் 1800-இலிருந்தே அங்கே குடியிருக்கிறார்கள். அந்தப் பெயரை அதிகாரபூர்வமாக்கியது 1901-இல் தியோடர் ரூஸ்வெல்ட். வொயிட்டை அழுத்திச் சொன்னால் ஜனாதிபதியின் வீடு. இரண்டையும் அழுத்தினால் உங்கள் தெருமுனையில் சுண்ணாம்பு அடித்த எந்த வீடும் ஆகலாம். எழுத்தில் பெரிய எழுத்து போட்டு வேறுபடுத்துகிறார்கள், பேச்சில் அழுத்தம்தான் பெரிய எழுத்து. ‘வெள்ளை மாளிகை மறுத்தது’ என்று செய்தி வந்தால் சுவர் மறுக்கவில்லை, அங்கே இருக்கிறவர்கள் மறுத்தார்கள். நம் இலக்கணத்தில் அது இடவாகுபெயர்.

லைட்ஹவுஸைப் பற்றி எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. விளக்கு உள்ள வீடு, அவ்வளவுதான் அந்தச் சொல்லில் இருக்கிறது. மெரினாவில் பஸ் கண்டக்டர் “லைட்ஹவுஸ் எறங்கு” என்று கத்தும்போதும் அதற்குமேல் ஒன்றும் தோன்றாது. தமிழில் அதற்குக் கலங்கரை விளக்கம் என்று பெயர். கலம் என்றால் கப்பல். கரை என்றதும் கடற்கரை என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல், அழைத்தல். கப்பல்களைக் கூப்பிடுகிற விளக்கு. ஆங்கிலம் கட்டடத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது, தமிழ் அந்த வெளிச்சம் செய்கிற வேலையைப் பார்த்து வைத்தது.

பவர்ஹவுஸ் எளிது. கோடம்பாக்கத்தில் அது பஸ் ஸ்டாப், அகராதியில் மின்சாரம் தயாரிக்கிற நிலையம், பேச்சில் சக்தி மிகுந்த ஆள். நம் உடலின் செல்லுக்குள் இருந்து சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பாடப்புத்தகம் அதே பட்டத்தைத்தான் கொடுத்திருக்கிறது.

ஹவுஸ் முன்னால் வந்து நின்றால் அது வீடாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஹவுஸ் அரெஸ்ட்டில் அது வீடுதான், வீட்டுக் காவல். மியான்மரின் அரசியல் தலைவர் ஆங் சான் சூச்சி 1989-க்கும் 2010-க்கும் இடையில் சுமார் 15 வருஷங்கள் அப்படி அடைபட்டிருந்தார். ஹவுஸ் கால் என்றால் டாக்டர் நோயாளியின் வீட்டுக்கு வந்து பார்ப்பது, அதிலும் வீடு. ஆனால் ஹவுஸ் சர்ஜன்? எம்.பி.பி.எஸ். முடிக்கப்போகிற பிள்ளைகளை நம் ஊரில் அப்படித்தான் சொல்கிறோம். வீடு வீடாக வந்து வைத்தியம் பார்க்கிறவர் இல்லை. இங்கே ஹவுஸ் என்பது ஆஸ்பத்திரி. அங்கேயே தங்கி ராத்திரி பகலாக வேலை பார்க்கிறவர் என்ற பழைய பிரிட்டிஷ் வழக்கத்தின் மிச்சம். நாடாளுமன்றத்தில் ஹவுஸ் என்றால் அவை. தியேட்டரில் ஹவுஸ் என்றால் பார்வையாளர் அரங்கு. அதனால்தான் அது நிரம்பினால் நாம் ஹவுஸ்ஃபுல் பலகை மாட்டுகிறோம். ஒரு லண்டன்காரர் அதையே ஃபுல் ஹவுஸ் என்று திருப்பிப் போட்டுச் சொல்வார். நம்முடையதும் தப்பில்லை, இந்திய ஆங்கிலத்தில் அது நிலைபெற்றுவிட்ட வழக்கு.

இந்திய வழக்கு என்றதும் ஒரு எச்சரிக்கை. பங்களாவின் பின்புறம் இருக்கிற சின்ன வீட்டை நாம் அவுட்ஹவுஸ் என்கிறோம். டிரைவர் குடும்பமோ வாடகைக்காரரோ அதில் இருப்பார்கள். ஒரு அமெரிக்கரிடம் போய், உங்களை எங்கள் அவுட்ஹவுஸில் தங்க வைக்கிறோம் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் ஊரில் அது கொல்லைப்புறக் கழிப்பறை. குழாய் வசதி வராத காலத்தில் வீட்டுக்கு வெளியே தள்ளிக் கட்டியது. அதேபோல வாடகை வாங்குகிறவரை நாம் ஹவுஸ் ஓனர் என்போம், பிரிட்டனில் அவர் லேண்ட்லார்டு. அந்தப் பெயரில் வீடே இல்லை, நிலம்தான் இருக்கிறது.

புதுமனை புகுவிழாவுக்கு ஹவுஸ்வார்மிங் என்று பெயர். வீட்டைச் சூடாக்குதல். நம் ஊர் வெயிலுக்கு இது கேலி மாதிரி இருக்கும். குளிர் ஊரில் புது வீட்டில் முதன்முதலாகக் கணப்பு மூட்டிச் சூடேற்றினால்தான் அதில் மனிதர் இருக்க முடியும். நாம் மட்டும் என்ன, பால் காய்ச்சியாச்சா என்றுதானே விசாரிக்கிறோம்? இரண்டு ஊரிலும் புது வீட்டில் முதலில் நெருப்பு மூட்டுகிறார்கள்.

இதுவரை பார்த்தவற்றில் எல்லாம் ஹவுஸ் கண்ணுக்குத் தெரிந்தது. ஒளிந்துகொண்டிருக்கிற ஹவுஸ்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ஹஸ்பண்ட். பழைய ஆங்கிலத்திலும், வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலும் வீட்டுக்கு ஹூஸ் என்று பெயர். நார்ஸ் மொழியில் போன்டி என்றால் நிலபுலம் வைத்துக் குடியிருக்கிறவர், நம் ஊர்க் குடியானவர் போல. இரண்டும் சேர்ந்து, வீட்டுக்கு உடையவர். கல்யாணம் ஆனவர் என்ற பொருள் பிற்பாடுதான் வந்து ஒட்டிக்கொண்டது. வீட்டையும் நிலத்தையும் ஆடுமாட்டையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை, ஆகவே அந்த நிர்வாகம் ஹஸ்பண்ட்ரி. கால்நடை பராமரிப்புத் துறையின் ஆங்கிலப் பெயரில் அனிமல் ஹஸ்பண்ட்ரி என்று இருப்பதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் சிரிக்காதவர்கள் உண்டா? அங்கே எந்த மிருகத்துக்கும் புருஷன் இல்லை, பழைய பொருள் மட்டும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலம் வீட்டைக் கணவனுக்கு எழுதி வைத்தது என்றால், தமிழ் மனைவிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. இல்லாள், மனைவி இரண்டிலும் வீடு இருக்கிறது. இல்லான் என்றால் வீட்டுக்காரன் இல்லை, ஒன்றும் இல்லாதவன்.

ஹவுஸ்வைஃப் கதை அவ்வளவு நன்றாக முடியவில்லை. அது பேச்சில் தேய்ந்து ஹஸி என்றானது, முதலில் அதே மரியாதையான பொருளில்தான். பிறகு போக்கிரிப் பெண் என்ற வசையாகச் சரிந்துவிட்டது. முழு உருவத்தில் இருந்த ஹவுஸ்வைஃப் மட்டும் மரியாதையோடு தப்பித்தது. சிப்பாய்கள் பையில் வைத்திருந்த ஊசி நூல் பொட்டலத்துக்கும் ஹவுஸ்வைஃப் என்றே பெயர் இருந்தது. தேர்தல் சமயத்தில் ஆங்கிலப் பத்திரிகைகளில் வரும் ஹஸ்டிங்ஸ் இன்னொரு ஒளிந்த ஹவுஸ். ஹூஸ், திங் இரண்டும் சேர்ந்தது. திங் என்றால் இன்று வஸ்து, அன்று சபை. தலைவர் தன் வீட்டாரைக் கூட்டி நடத்திய சபை, இன்று பிரசார மேடையாக நிற்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு, ஹவுஸ் என்று முடிந்தால் எல்லாம் வீடுதான் என்று முடிவுகட்டிவிட முடியாது. அடுக்குமாடி விளம்பரங்களில் உச்சி மாடியில் கோடிக்கணக்கில் விலை சொல்கிற பென்ட்ஹவுஸைப் பாருங்கள். அந்த பென்ட் என்ன என்று அகராதியில் தேடினால் கிடைக்கிற பொருள் இங்கே பொருந்தாது, ஏனென்றால் பிறப்பில் அது கூட்டுச் சொல்லே இல்லை. பழைய பிரெஞ்சில் அபென்டிஸ் என்று ஒரு சொல், பெரிய கட்டடத்தோடு ஒட்டி நிற்கிற துணைக் கட்டடம். ஆங்கிலத்தில் பென்டிஸ் ஆனது. காதில் விழுந்த ‘டிஸ்’ என்ற வாலைப் புரியாத மக்கள், வீடு சம்பந்தப்பட்டதுதானே என்று அதை ஹவுஸ் ஆக்கிவிட்டார்கள். முதலில் அந்தச் சொல் குறித்தது, சுவரோடு சாய்த்து இறக்கிய கூரையை. எங்கள் ஊரில் அதற்குச் சார்ப்பு என்று பெயர், மழைக்கு ஆடு கட்டுவார்கள்.